உருக்கச் சொல்ற அண்ணாச்சிக்கும், ரேட் சொல்ற தம்பிக்கும்

ரொம்ப நாளா மனசுக்குள்ள கிடந்து குடைஞ்சிக்கிட்டிருந்த விஷயம். காலண்டர் சீசன் முடிஞ்சு அச்சகத்துல இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. இன்னிக்கு எழுதிடறதுன்னு உக்காந்துட்டேன். சிவகாசிக்காரன், தீப்பெட்டி லேபிள் பத்தி எழுதுவான்னு நினைச்சு வந்தவங்க மன்னிச்சிக்கோங்க. இது பதக்கம் பத்தின பதிவு. அதுவும் வெள்ளைக்காரன் அடிச்ச பதக்கம். நீளமும் கொஞ்சம் ஜாஸ்தி. தண்ணி சொம்பு பக்கத்துல வச்சுக்கோங்க :-)

கொஞ்ச நாளைக்கு முன்னாடி மதுரைப் பக்கம் ஒரு நாணயக் கண்காட்சி. எனக்கும் ஓரமா ஒரு மேசை கொடுத்திருந்தாங்க. என்கிட்ட இருக்கிறது மொத்தமே பதினாலு பதக்கம். பெரிய சேகரிப்பாளர்கள் பார்த்தா சிரிப்பாங்க. ஆனாலும் கறுப்புத் துணி விரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் சின்னதா ஒரு அட்டை எழுதி, அழகா அடுக்கி வச்சிருந்தேன்.

முதல்ல வந்தார் ஒரு அண்ணாச்சி. கதர்ச் சட்டை, வயசு எழுபது இருக்கும். ஒவ்வொண்ணா குனிஞ்சு பார்த்தார். நிமிர்ந்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"சிவகாசி அண்ணாச்சி. பூர்வீகம் விருதுநகர்."

"காமராசர் பிறந்த ஊர்க்காரன் வச்சிருக்கிற சாமானா இது? அடிமைச் சின்னத்தைக் காசு குடுத்து வாங்கி, பட்டுத் துணியில வச்சிருக்கியே. வெள்ளியா இருந்தா உருக்கிப் பிள்ளைக்குக் கொலுசு பண்ணிப் போடு. பித்தளையா இருந்தா பழைய பாத்திரக்காரன்கிட்ட போடு. புண்ணியமாப் போகும்."

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நடந்து போயிட்டார். அரை மணி நேரம் கழிச்சு இன்னொரு ஆள். இளவட்டம். கையில லென்சு. பேச்சுல ரேட் மட்டும்தான். ஒரு வெண்கலப் பதக்கத்தை எடுத்து விளிம்பைச் சுத்திப் பார்த்தார்.

"நேட்டிவ் பேர் சார் இது. இதுக்குப் பாதி ரேட்தான். இதே பதக்கம் ஒரு வெள்ளைக்கார ஆபீசர் பேர்ல இருந்தா வேற கதை. நீங்க பேசாம இதையெல்லாம் தள்ளிட்டு நல்லதா ஒண்ணே ஒண்ணு வாங்கிப் போடுங்க. இன்வெஸ்ட்மெண்ட் மாதிரி."

ரெண்டு பேருக்கும் அங்க நான் பதில் சொல்லல. எனக்கு எப்பவுமே அப்படித்தான், வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் பதில் வரும். அந்தப் பதில்தான் இந்தப் பதிவு. ரெண்டு பேரும் எதிரெதிர் கட்சி மாதிரித் தெரியுது இல்லையா? கிடையாது. ரெண்டு பேரும் ஒரே ஆள்தான். ஏன்னு கடைசியில சொல்றேன்.

முதல்ல அண்ணாச்சி சொன்ன 'காமராசர் பிறந்த ஊரு'க்கு வர்றேன்.

எங்க ஊருக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு ஊர்ல ஒரு கதை சொல்லுவாங்க. பல நாடுகளை ஜெயிச்ச ஒரு வீரன், ஜெயிச்ச இடத்துல எல்லாம் வாங்கின விருதுகளோட, அதாவது கொடிகளோட, இந்த ஊருக்கு வந்தானாம். "என்னோட மோத இங்க ஆள் இருக்கா"ன்னு சவால் விட்டானாம். உள்ளூர்க்காரன் ஒருத்தன் எறங்கி அவனை வெட்டிச் சாய்ச்சு, அந்த விருதுகளையும் எடுத்துக்கிட்டானாம். அதனால ஊருக்கு 'விருதுகள் வெட்டி'ன்னு பேரு. அது விருதுபட்டி ஆகி, 1923-ல விருதுநகர் ஆச்சு. 1903-ல காமராஜர் பிறந்தப்போ அது விருதுபட்டிதான்.

கதை நிஜமா பொய்யான்னு நான் சண்டைக்கு வரல. ஆனா கவனிங்க அண்ணாச்சி. ஜெயிச்சவன் அந்த விருதுகளைத் தீ வச்சுக் கொளுத்தலை. எடுத்து வச்சுக்கிட்டான். ஊருக்கே அந்தப் பேரை வச்சுக்கிட்டாங்க. எதிராளியோட விருது நம்ம கையில இருந்தா அது அடிமைச் சின்னம் இல்ல. சாட்சி. அடிமைத்தனம்னா அதை நெஞ்சுல குத்திக்கிட்டுப் பெருமை பேசுறது. நான் குத்திக்கல. லென்சு வச்சுப் படிக்கிறேன்.

படிச்சா என்ன தெரியும்? சொல்றேன்.

லேபிள் அடிக்கிற ஊர்க்காரனுக்கு ஒரு விஷயம் பிறவியிலேயே தெரியும். லேபிள் வேற, உள்ள இருக்கிற சரக்கு வேற. பெட்டி மேல சிங்கம் இருக்கும், உள்ள ஊசிவெடி இருக்கும். படத்தைப் பார்த்து யாரும் வெடியை நம்புறதில்ல. பதக்கம்ங்கிறது ஒரு சாம்ராஜ்யம் தனக்குத் தானே ஒட்டிக்கிட்ட லேபிள். அவ்வளவுதான். அதை லேபிள் மாதிரியே படிக்கணும்.

பிளாசிப் போர் 1757-ல நடந்துச்சு. அதுக்கு லண்டன்ல ஒரு பதக்கம் அடிச்சாங்க, 1758-னு வருஷம் போட்டு. அதுல கிளைவ் ரோமாபுரித் தளபதி வேஷத்துல நிக்கிறார். வங்காளத்துக்கு ஒரு நவாபைத் 'தந்தோம்'னு எழுதியிருக்கு. தந்தாங்களாம்! சுத்தி இன்னும் மூணு விஷயம் எழுதியிருக்கு. எங்களுக்கு நடந்த அநியாயத்துக்கு ஈடு கிடைச்சாச்சு, சலுகை கூடிடுச்சு, நிலம் கைக்கு வந்தாச்சு. அவ்வளவுதான் வாசகம். நாகரிகம் கத்துக் கொடுக்க வந்தோம், ரயில் விட வந்தோம்கிற பேச்சே கிடையாது. கணக்குப்பிள்ளை லாப நட்டம் எழுதின மாதிரி எழுதி வச்சிருக்காங்க. 'வெள்ளைக்காரன் நமக்கு நல்லதுதானே பண்ணினான்'னு இன்னிக்கும் டீக்கடையில பேசறவங்க இருக்காங்க. அவங்க வாயை அடைக்க அந்தக் காலத்து வெள்ளைக்காரனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம் அது. அதைப் போய் உருக்கச் சொல்றீங்களே?

இன்னொண்ணு நம்ம பாண்டிச்சேரி. 1761 ஜனவரியில இங்கிலீஷ்காரங்க அதைப் பிடிச்சு, ஊரையே தரைமட்டம் ஆக்கினாங்க. அதுக்கும் ஒரு பதக்கம். பிரெஞ்சுக்காரங்களை இந்தியாவை விட்டே முழுசா விரட்டியாச்சுன்னு அதுல வாசகம். சரி, அப்புறம் என்ன ஆச்சு? 1763 பாரிஸ் உடன்படிக்கையில ஊரைத் திருப்பிக் கொடுத்தாங்க. அதுக்கப்புறமும் ஊரு பல தடவை கை மாறுச்சு. பிரெஞ்சுக்காரங்க கடைசியா ஆட்சியை நம்ம கையில கொடுத்தது 1954 நவம்பர் 1. 'முழுசா விரட்டினதுக்கு' அப்புறம் கிட்டத்தட்ட இருநூறு வருஷம்! பெட்டி மேல சிங்கம், உள்ள ஊசிவெடி. இப்பப் புரியுதா நான் சொன்ன லேபிள் கணக்கு?

அடுத்து வர்றதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். ஸ்ரீரங்கப்பட்டணம்.

1799 மே 4 திப்பு சுல்தான் விழுந்த நாள். அதுக்குக் கும்பினி அடிச்ச பதக்கத்துல பிரிட்டிஷ் சிங்கம் ஒரு புலியைக் கீழே தள்ளி மேல ஏறி நிக்கும். புலி திப்புவோட சின்னம்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிங்கத்துக்குப் பின்னாடி ஒரு கொடி. அதுல அரபி எழுத்துல 'கடவுளின் சிங்கமே வெற்றியாளன்'னு இருக்கும். கூத்தைக் கேளுங்க, அந்த வாசகமே திப்பு தன்னோட ஆயுதத்துலயும் கொடியிலயும் புலி முகமா எழுதி வச்சிருந்தது. ஆளைக் கொன்னு, அவன் வாசகத்தையும் உருவி, தன் சிங்கத்துக்கு மாட்டிக்கிட்டாங்க. கொடியை வெட்டி எடுத்துக்கிற பழக்கம் விருதுபட்டிக்காரனுக்கு மட்டும் இல்ல, அவங்களுக்கும் இருந்திருக்கு.

அடிச்சது பர்மிங்ஹாம்ல, மாத்யூ போல்டனோட சோகோ தங்கசாலையில. ஐந்து வகை உலோகம். ஜெனரல்களுக்குத் தங்கம். அடுத்த பெரிய அதிகாரிகளுக்குத் தங்க முலாம் பூசின வெள்ளி. அதுக்குக் கீழே கேப்டன் மாதிரி ஆபீசர்களுக்கு வெள்ளி. ஹவில்தார் மாதிரி ஆளுகளுக்கு வெண்கலம். சாதாரணச் சிப்பாய்க்கு? வெள்ளீயம். பாத்திரத்துக்குப் பூசுவோமே, அதே ஈயம்தான். சுமார் 45 ஆயிரம் வெள்ளீயப் பதக்கம் அடிச்சாங்க. அதே சிங்கம், அதே புலி, அதே கோட்டை. அச்சு ஒண்ணுதான், உலோகம்தான் வேற. கோட்டைச் சுவர்ல ஏறினப்போ வந்த குண்டுக்கு இந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்காது.

யார் இந்த வெள்ளீயக்காரங்க? சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்கள் அதுல நிறைய. தமிழ் பேசினவங்க, தெலுங்கு பேசினவங்க, முஸ்லிம்கள். பதக்கம் கைக்கு வந்து சேர்ந்தது 1808-ல. நடுவுல 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. திப்புவோட பிள்ளைகளைச் சிறை வச்சிருந்த அதே கோட்டையில, அதே சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பினாங்க. ஒரே நாள்ல அதை நசுக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு மிச்சம் இருந்தவங்க கையில புலியைச் சிங்கம் மிதிக்கிற வெள்ளீயத்தைக் கொடுத்து 'சபாஷ்' சொல்லியிருக்காங்க. வாங்கினவன் மனசுல என்ன ஓடியிருக்கும்? அந்தப் பதக்கத்துல பேரும் கிடையாது. விளிம்பு மொட்டையாத்தான் வந்துச்சு. அதனால அவன் யாருன்னு கேக்கிறதுக்கு இனிமே வழியே இல்ல.

1799-ல திப்பு விழுந்த கையோட பட்டாளம் தெக்கே திரும்பினது உங்களுக்குத் தெரியும். எங்க ஊர்ல இருந்து சாத்தூர், கோவில்பட்டி தாண்டிப் போனா கயத்தாறு. அதே வருஷம் அக்டோபர் 16 அங்கதான் கட்டபொம்மனைத் தூக்குல போட்டாங்க. 1801-ல பாஞ்சாலங்குறிச்சி மறுபடி எழுந்து விழுந்துச்சு. மருது சகோதரர்களைத் திருப்பத்தூர்ல தூக்குல போட்டாங்க. எழுபதுக்கும் மேற்பட்டவங்களை 1802-ல கப்பல்ல ஏத்திப் பினாங்குக்கு நாடு கடத்தினாங்க. அந்தப் போருக்குக் கும்பினி பதக்கம் அடிக்கவே இல்ல. 1851-ல பழைய போர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பதக்கம் கொடுத்தாங்க, அதோட கணக்கும் 1803-ல இருந்துதான் ஆரம்பிக்குது. அசாயே இருக்கு, நேபாளம் இருக்கு, பரத்பூர் இருக்கு. பாஞ்சாலங்குறிச்சி இல்ல. வேலூரும் இல்ல.

எதுக்குப் பதக்கம் அடிச்சாங்கங்கிறது அவங்க பெருமை. எதுக்கு அடிக்கலைங்கிறது அவங்க பயம். இது ரெண்டும் தெரியணும்னா பதக்கங்கள் கண்ணு முன்னாடி இருக்கணும் அண்ணாச்சி. கொலுசா மாறிட்டா பிள்ளை காலுல சத்தம் கேக்கும், சரித்திரம் கேக்காது.

இப்ப ரேட் தம்பிக்கு வர்றேன்.

தம்பி பாதி ரேட்னு சொன்ன அந்த வெண்கலப் பதக்கம், முதல் உலகப் போருக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. ஒரு பக்கம் தாடி வச்ச ஐந்தாம் ஜார்ஜ். மறுபக்கம் உடுப்பில்லாத ஒருத்தன் குதிரை மேல, காலடியில மண்டை ஓடு. போர் வீரர்களுக்கு இது வெள்ளியில வந்துச்சு, 60 லட்சத்துக்கும் மேல. மூட்டை தூக்கினவன், பதுங்கு குழி வெட்டினவன், ரயில் தண்டவாளம் போட்டவன், இந்த மாதிரிக் கூலிப் படைக்காரங்களுக்கு வெண்கலம். இந்தியா, சீனா, மால்டா ஆளுகளுக்கு. அது சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம்தான். எண்ணிக்கையைப் பார்த்தா வெண்கலம்தான் அபூர்வம். ஆனாலும் தம்பி கணக்குல 'நேட்டிவ் பேர், பாதி ரேட்'. நூறு வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒரு குமாஸ்தா போட்ட தரத்தை இன்னிக்கு நம்ம தம்பி, நம்ம மதுரையில, நம்ம மேசையில நின்னுக்கிட்டு அப்படியே திருப்பிச் சொல்றார். ஜார்ஜ் போய்ச் சேர்ந்துட்டார். அவரோட விலைப்பட்டியல் மட்டும் சாகலை.

ஆனா ஒண்ணு. ஸ்ரீரங்கப்பட்டணத்து வெள்ளீயத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. இதோட விளிம்புல எண், பேர், எந்தப் படைங்கிறது பொறிச்சிருக்கும். இது எவ்வளவு பெரிய விஷயம்னு சொன்னா நம்ப மாட்டீங்க. இராக்குல பஸ்ரா பக்கம் ஒரு போர் நினைவிடம் இருக்கு. 1929-ல திறந்தது. அதுல வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பேர் உண்டு. இந்திய அதிகாரிக்குப் பேர் உண்டு. இந்தியச் சாதாரணச் சிப்பாய்க்கு? இந்த ரெஜிமெண்ட்ல இத்தனை பேர்னு எண்ணிக்கை மட்டும். ஆயிரக்கணக்கான ஆளுக வெறும் நம்பரா நிக்கிறாங்க. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல அறிக்கை விட்டு இந்தப் பாகுபாட்டுக்கு மன்னிப்புக் கேட்டுச்சு. நம்ம கிராமங்கள்ல சில இடத்துல பள்ளிக்கூடச் சுவர்லயோ சாவடியிலயோ ஒரு கல் பதிச்சிருக்கும், இந்த ஊர்ல இருந்து 1914-1919 போருக்கு இத்தனை பேர் போனாங்கன்னு. அதுலயும் எண்ணிக்கைதான்.

கல்லுல கூட வராத பேரு அந்த முப்பது கிராம் சொச்சம் வெண்கலத்தோட விளிம்புல இருக்கு. கூலின்னு கணக்குல எழுதப்பட்ட ஒருத்தனோட பேர் உலோகத்துல இருக்கிற ஒரே இடம் பல குடும்பங்களுக்கு அதுதான்.

எனக்கு இது எப்படித் தெரியும்னு கேட்டா, இந்த இடத்துல கொஞ்சம் சொந்தக் கதை.

எங்க பூட்டன், அதாவது எங்க தாத்தாவோட அப்பா, அந்தப் போர்ல பஸ்ராவுக்குப் போனவர். வீட்டுல அவ்வளவுதான் தெரியும். 'பஸ்ராவுக்குப் போய்ட்டு வந்தவரு'. துப்பாக்கி பிடிச்சாரா, மூட்டை தூக்கினாரா, யாருக்கும் தெரியாது. அவர் கொண்டு வந்த வெண்கல வட்டம் ஒண்ணு சாமி அலமாரியில இருந்துச்சு. குதிரை மேல ஆள் இருந்ததால எங்க அப்பத்தா அதை அய்யனாருன்னே நினைச்சிருந்தா. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தேச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, விளக்குப் பக்கத்துல நிறுத்திடுவா. ஜார்ஜ் மூஞ்சி எப்பவும் சுவத்தைப் பார்த்துத்தான் இருக்கும். (வெள்ளைக்கார ராஜாவுக்கு எங்க அப்பத்தா கொடுத்த மரியாதை அது. எந்த சத்தியாகிரகியும் இதைவிட நல்லாப் பண்ணியிருக்க முடியாது.)

நான் நாலாம் கிளாஸ் படிக்கிறப்போ தெருவுல பழைய பாத்திரக்காரர் வந்தார். பித்தளைப் பாத்திரம் போட்டா எவர்சில்வர் கிடைக்கும். அப்ப ஊரே அப்படித்தான் மாத்திக்கிட்டிருந்துச்சு. ஒரு உடைஞ்ச குத்துவிளக்கு, ஓட்டைச் செம்பு, கரண்டி எல்லாம் தராசுல ஏறுச்சு. எனக்கு மூடி போட்ட தூக்குவாளி ஒண்ணு மேல கண்ணு. "கொஞ்சம் எடை குறையுதே தம்பி"ன்னார். நான் வீட்டுக்குள்ள ஓடினேன். அப்பத்தா கொல்லையில இருந்தா. அலமாரியில இருந்த அய்யனாரை எடுத்துட்டு வந்து தராசுல வச்சேன். முள்ளு சரியாச்சு.

அப்பத்தா என்னை அடிக்கல. திட்டவும் இல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம் போல விளக்கேத்தி, அந்த வெத்து இடத்துல ஒரு பொட்டு குங்குமம் வச்சா. சாகிற வரைக்கும் அங்க வேற படம் எதையும் வைக்கவிடல.

விளிம்புல எழுத்து இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. கையில தட்டுப்படும். வெள்ளிக்கிழமைப் புளியில பாதி தேஞ்சு போயிருந்துச்சு. மிச்சப் பாதியை நான் எடைக்குப் போட்டேன். எந்தப் படை, என்ன நம்பர், எதுவும் இனிமே கிடைக்காது. அந்த நம்பர் இருந்தா, ஆவணங்கள்ல எங்கேயாவது ஒரு மூலையில எங்க பூட்டன் பேரைத் தேடவாவது ஒரு நூல் இருந்திருக்கும். தூக்குவாளி இன்னும் வீட்டுல இருக்கு. அதோட மூடி எப்பவோ தொலைஞ்சு போச்சு.

நான் காசு கொடுத்து வாங்கி மேசையில வச்சிருந்த வெண்கலத்துல இருக்கிறது எங்க பூட்டன் பேர் இல்ல. வேற யாரோ ஒருத்தர். அவர் வீட்டுலயும் ஒரு பேரன் எடைக்குப் போட்டிருப்பான் போல. எங்க பூட்டனை நான் விட்டுட்டேன். இந்தப் பூட்டனையாவது பார்த்துக்கலாமேன்னு வச்சிருக்கேன். இதைத்தான் அண்ணாச்சி பாத்திரக்காரன்கிட்ட போடச் சொன்னார். அவருக்குத் தெரியாது, நான் ஏற்கெனவே போட்டவன்னு.

ஆரம்பத்துல சொன்னேன் இல்ல, அண்ணாச்சியும் தம்பியும் ஒரே ஆளுன்னு? இதுக்குத்தான். ஒருத்தர் உருக்கச் சொல்றார், ஒருத்தர் விக்கச் சொல்றார். ரெண்டு பேரும் பார்க்கிறது உலோகம். விளிம்பை ஒருத்தர் பார்க்கவே இல்ல, இன்னொருத்தர் பார்த்துட்டுப் பாதி விலை போட்டார். கூலிக்கு வெண்கலம் போதும்னு முடிவு பண்ணின வெள்ளைக்காரனாவது விளிம்புல பேரைப் பொறிச்சான். நாம அதையும் அழிச்சிட்டா, அவன் பாதியில விட்ட வேலையை நாம முடிச்சுக் கொடுத்த மாதிரி.

'அதெல்லாம் நூறு வருஷத்துக் கதை, விடு'ன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம பக்கம் ஆலையில விபத்துன்னா பேப்பர் தலைப்புல முதல்ல வர்றது எண்ணிக்கைதான். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி. முப்பதுக்கும் மேற்பட்டவங்க போனாங்க. அதுல ஒரு பேர், ஒரே ஒரு பேர், உங்களுக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு இல்ல. இத்தனைக்கும் நான் இந்த மண்ணுலயே இருக்கிறவன். கூலிக்காரனை நம்பரா நினைவு வைக்கிறது வெள்ளைக்காரனோட போகலை. அதனாலதான் விளிம்புல பேர் இருக்கிற ஒரு வெண்கலம் கையில கிடைச்சா எனக்கு விட மனசு வர்றதில்ல.

எல்லாப் பதக்கத்தையும் கும்பிடச் சொல்றேனா? இல்லவே இல்ல. பதக்கம் சேர்க்கிறவங்கள்ல இன்னொரு ரகம் உண்டு. ரிப்பனோட மாட்டி, கண்ணாடிச் சட்டத்துல போட்டு, 'அந்தக் காலத்து டிசிப்ளின்'னு உருகுவாங்க. அவங்களும் எனக்கு ஆகாது. டெல்லி தர்பார்ப் பதக்கத்தை வச்சுக்கிட்டு ராஜ விசுவாசம் பேசுறவங்களைப் பார்த்தா, எங்க அப்பத்தா மாதிரி ராஜாவைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிட்டு வரலாம்னு தோணும்.

மைசூர்ப் போருக்கு, 1790-92 போருக்கு, கும்பினி சிப்பாய்களுக்குன்னே கொடுத்த பதக்கம் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு சிப்பாயோட உருவமே உண்டு. ஒரு கையில பிரிட்டிஷ் கொடி. இன்னொரு கையில எதிரியோட கொடி, தலைகீழா. கால் ஒரு பீரங்கி மேல. பின்னாடி ஸ்ரீரங்கப்பட்டணம். விருதுகளை வெட்டி எடுத்த ஆள் மாதிரியே நிக்கிறான், எங்க ஊர்க் கதை மாதிரியே. ஒரே வித்தியாசம், அவன் வெட்டினது யாருக்காக? அதைப் பார்க்கிறப்பல்லாம் எனக்குக் கோபமும் வரும், பாவமாவும் இருக்கும். அவன் நம்ம ஆளு. வயித்துக்குப் போனவன். துரோகின்னு ஒரே வார்த்தையில முடிச்சிட எனக்கு மனசில்ல. வீரன்னு மாலை போடவும் மனசில்ல. ரெண்டும் இல்லாம அவனைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியணும். அதுக்குத்தான் சேகரிப்பு.

அதனால கேட்டுக்கிறது இவ்வளவுதான், மக்களே.

வீட்டுல, சாமி அலமாரியில, டிரங்குப் பெட்டி அடியில இந்த மாதிரி ஏதாவது வட்டமா கிடந்தா முதல்ல விளிம்பைப் பாருங்க. எழுத்து இருந்தா அப்படியே ஒரு தாள்ல எழுதி வைங்க, போட்டோ எடுத்து வைங்க. புளி, எலுமிச்சை, சபீனா எதுவும் போடாதீங்க. கறுத்திருந்தா கறுத்தே இருக்கட்டும், அது அழுக்கு இல்ல, வயசு. வீட்டுல வயசானவங்க இருந்தா உடனே உக்காந்து கேளுங்க, இது யாரோடது, எங்க போனார், எப்ப வந்தார்னு. அவங்க சொல்றதைத் தேதி போட்டு எழுதி அந்தப் பதக்கத்தோடயே வைங்க. கதை பிரிஞ்ச பதக்கம் வெறும் உலோகம்தான், தம்பி சொன்ன ரேட்டுக்குத்தான் போகும்.

வித்துத்தான் ஆகணும்னா விக்கலாம், தப்பில்ல. கஷ்டம் யாருக்கும் வரும். ஆனா எழுதி வச்ச தாளையும் சேர்த்துக் கொடுங்க. நூறு வருஷம் தாண்டினதை வெளிநாட்டு ஆளுக்குத் தனியார் அனுப்ப முடியாதுன்னு 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் இருக்கு, அதையும் மனசுல வைங்க. வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டின பிறகு நகைக்கடைத் தட்டுக்குப் போற பழைய பதக்கம் ரொம்ப. பதக்கத்தைப் பொறுத்தவரைக்கும் பீரங்கியை விட ஆசாரியோட குடுவைக்குத்தான் நான் பயப்படுறேன். உருகினதைத் திருப்பி அடிக்க எந்தத் தங்கசாலையாலயும் முடியாது.

அண்ணாச்சிக்குக் கடைசியா ஒண்ணு. என் மேசையில பதினாலு பதக்கத்துக்கும் நடுவுல பதினைஞ்சாவதா ஒண்ணு இருந்துச்சு. நீங்க அவசரத்துல கவனிக்கல. 2003-ல காமராஜர் நூற்றாண்டுக்கு நம்ம அரசாங்கம் அடிச்ச 5 ரூபாய் நாணயம். வெள்ளி இல்ல, தங்கம் இல்ல, பெரிய விலையும் இல்ல. அவரு முகத்தை மேல பார்த்துத்தான் வச்சிருந்தேன். ஜார்ஜ் இருந்த வெண்கலத்தை மட்டும் குதிரைப் பக்கம் மேலே தெரியற மாதிரி வச்சிருந்தேன்.

அப்பத்தா வச்ச மாதிரியே.

டிஸ்கி: அடுத்த கண்காட்சிக்கும் அண்ணாச்சி வருவார்னு கேள்விப்பட்டேன். வந்தா சண்டை போட மாட்டேன். ஒரு நாற்காலி போட்டு, லென்சைக் கையில கொடுத்து, விளிம்பைப் படிக்கச் சொல்லுவேன். தூக்குவாளியில காபியும் கொண்டு போறதா இருக்கேன். மூடிதான் இல்ல.